நாற்பதுக்கு மேல் நமக்கெதற்கு?

(திருவண்ணாமலையில் நடந்த ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று நம் தோழர்கள் கேட்டபொழுது, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தலை வாரிக் கொள்வதைப் பற்றியும், நல்ல துணி உடுத்துவதைப் பற்றியும், கண்ணாடியில் முகம் பார்ப்பதைப் பற்றியும் பேசப் போகிறேன் என்று சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். நாட்டில் எவ்வளவோ சங்கதிகள் இருக்கும்போது, கிழவன் கிராப்பு வெட்டிக் கொள்வதைப் பற்றி ஒரு பிரசங்கமா என்று ஒருவர் கேட்டார். (சிரிப்பு). அவர் சிரித்ததையே எனக்குச் சாதகமாக எடுத்துக் கொள்ளுகிறேன். ஏனெனில், இருபது வயது வாலிபன் நன்றாக உடுத்தினால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. ஐம்பது வயதுக்காரர் உடுத்தினால்தான் வருகிறது. அந்தச் சிரிப்பு நமக்குள் எங்கேயிருந்து வந்தது, யார் கொண்டுவந்து வைத்தது என்பதுதான் இன்றைய விஷயம்.

நம்மூரில் "வயசுக்குத் தகுந்த கோலம்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. நாற்பது நாற்பத்தைந்து ஆனதும் நம் ஜனங்கள் "இனிமேல் நமக்கென்ன" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆண்பிள்ளை வாரத்திற்கு ஒரு நாள் க்ஷவரம் என்பது போய் மாதத்திற்கு ஒரு நாள் என்று ஆகிறது. சட்டையில் பித்தான் விழுந்தால் தைத்துக் கொள்வதில்லை. முன் பல் ஆடினால், அது தானாக விழட்டும் என்று காத்திருக்கிறார். பெண்களோ, மகள் பெரியவளானவுடன் வர்ணச் சேலையைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். மருமகள் வீட்டிற்கு வந்துவிட்டால் அந்தப் பெட்டியையும் அவளிடம் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால், "எங்களுக்கு எதற்கு, சின்னஞ்சிறுசுகள் உடுத்தட்டும்" என்கிறார்கள். இதைப் பெருந்தன்மை என்று நாமும் மெச்சிக் கொள்கிறோம்.

இந்த ஊரில் இதற்கு ஒரு விசேஷ வசதியும் இருக்கிறது. பாருங்கள், கிரிவலப் பாதையில் பத்து வருஷம் சீப்பே படாத சடையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், காரில் வந்து இறங்குகிறவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைக்கிற ஐம்பது வயதுத் தோழர் ஒருநாள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி வெளியே வந்தால், "என்ன மாமா, மாப்பிள்ளை எங்கே புறப்பட்டாச்சு?" என்று தெருவே கேட்கிறது. உழைக்காதவன் அழுக்காயிருந்தால் ஞானம். உழைக்கிறவன் சுத்தமாயிருந்தால் ஜம்பம்! 1896ம் வருஷம் பதினாறு வயதில் இவ்வூருக்கு வந்து, கோவணத்தோடு இருந்து, 1950ல் காலமான ரமணரைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் தம் இஷ்டத்திற்கு அப்படி இருந்தார். அது அவர் சுதந்திரம். அதில் எனக்கு வழக்கில்லை. நான் கேட்பதெல்லாம், தாமாக விரும்பாத ஒரு துறவை, வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்திற்காகக் கோடிக்கணக்கான ஆண் பெண்களின் தலையில் சுமத்தினது யார் என்பதுதான்.

இதற்குச் சாஸ்திரமே இருக்கிறது, தோழர்களே! மனுதர்மத்தில் ஆறாவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். கிரகஸ்தன் தன் தோல் சுருங்குவதையும், தலை நரைப்பதையும், பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததையும் கண்டால் காட்டுக்குப் புறப்பட வேண்டும் என்று அங்கே விதித்திருக்கிறது. மரவுரியும் சடையும் நகமும் வளர்த்துக் கொண்டு இருக்க வேண்டுமாம். புருஷனை இழந்த பெண்ணுக்கோ ஐந்தாவது அத்தியாயத்திலேயே முடித்துவிட்டார்கள்; கிழங்கையும் கனியையும் தின்று அவள் தன் உடம்பை வாட்டிக் கொள்ளலாமாம். இன்று நம்மில் யாரும் மனுதர்மத்தைப் படித்துவிட்டு நடக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். படித்து நடந்தால்கூட ஒருநாள் இது தப்பு என்று விட்டுவிடலாம். படிக்காமலே நடக்கிறோமே, அதுதான் கஷ்டம். காட்டுக்குப் போகச் சொன்னதை நம் ஜனங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நிறைவேற்றிக் கொள்கிறார்கள்.

அந்தக் காலத்திலாவது இதற்கு ஒரு கணக்கு இருந்ததென்று வைத்துக் கொள்ளலாம். 1951ம் வருஷ வாக்கில் இந்த தேசத்தில் பிறக்கிற ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். குழந்தையிலேயே செத்தவர்கள் ஏராளம் என்பதால் சராசரி அவ்வளவு தாழ்ந்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் அம்மையும் காலராவும் மலேரியாவும் தப்பவிட்டு நாற்பதைத் தாண்டினவன் தன்னைக் கிழவனென்று எண்ணினதில் ஆச்சரியமில்லை. இன்று அந்தச் சராசரி 70ஐ ஒட்டி வந்துவிட்டது. இது எந்த சாமியும் கொடுத்த வரமல்ல. தடுப்பூசியும், குழாய்த் தண்ணீரும், பிரசவ ஆஸ்பத்திரியும் கொடுத்தது. ஆக, நாற்பதில் நிற்கிறவனுக்கு முன்னால் இன்னும் முப்பது வருஷம் கிடக்கிறது. முப்பது வருஷம் ஒரு மனிதன் பித்தான் இல்லாத சட்டையோடு "இனிமேல் நமக்கென்ன" என்று உட்கார்ந்திருப்பதா என்று கேட்கிறேன்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வயதினால் வருவது சில; நாம் வரவழைத்துக் கொள்வது சில. நரை வயதினால் வருவது. மயிர்க்காலில் நிறம் கொடுக்கிற அணுக்கள் குறைந்து போவதால் முடி வெளுக்கிறது. இதற்கு எந்த மூலிகைத் தைலமும் கிடையாது. இருக்கிறதென்று சொல்கிறவன் உங்கள் பணத்தைத்தான் பார்க்கிறான். தோல் சுருங்குவதும் அப்படியே. ஆனால் கூன் போட்டு நடப்பதும், அழுக்குத் துணியும், பல்லில் புகையிலைக் கறையும், நாலு பேர் எதிரில் வாய் திறக்கப் பயப்படுவதும் வயதினால் வருவதல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், மாற்ற முடியாததை மாற்றுவதற்குப் பணம் செலவழிக்கிறோம்; மாற்றக் கூடியதைத் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம்.

நான் மற்றவர்களுக்கு மாத்திரம் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. மூன்று வருஷத்திற்கு முன் என் மகள் கல்யாணத்திற்காக நானும் தலைக்குச் சாயம் பூசினேன். சீர்திருத்தக் கல்யாணம்தான், ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னே நரைத்த தலையோடு நிற்கக் கூச்சம்! பாக்கெட்டில் வந்த பொடியைக் கரைத்துப் பூசிக் கொண்டு படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் கண் இரண்டும் தெரியவில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. (சிரிப்பு). தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? தீபத்தன்று மலைமேல் எரிவது நெய்யும் திரியும்தான் என்று நான் சொல்லிக் கொண்டிருந்தேனாம். அதனால் அண்ணாமலையார் என்னைத் தண்டித்துவிட்டாராம். டாக்டர் பார்த்தார். சாயத்தில் பாரா பினைலின் டையமின் என்ற ஒரு இரசாயனம் இருக்கிறது, சிலர் தோலுக்கு அது ஒத்துக் கொள்ளாது, காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டல்லவா பூசியிருக்க வேண்டும் என்று கேட்டார். அந்தப் பாக்கெட்டின் மேலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. வேத புராணத்தைப் படித்துப் பார்த்தாயா என்று ஊரைக் கேட்கிற நான், பத்து ரூபாய் பாக்கெட்டின் முதுகைப் படிக்கவில்லை. கறுப்பு மருதாணி என்று விற்கிறதிலும் பெரும்பாலும் இதே சரக்குத்தான் கலந்திருக்கிறது. சாயம் பூசுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒத்துக் கொள்கிறவர்கள் பூசட்டும். வெட்கத்திற்காகப் பூசாதீர்கள் என்பதுதான் என் வார்த்தை.

முகத்திற்குப் பூசுகிற சங்கதி இதைவிட மோசம். நம் நிறம் கறுப்பு. அதை ஒரு வியாதியாக்கி அதற்கு மருந்து விற்கிறார்கள். 1975ம் வருஷத்தில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று வந்த களிம்பு நாற்பத்தைந்து வருஷம் அந்தப் பெயரிலேயே விற்று, உலகமெல்லாம் நிறத்திமிரைப் பற்றிக் கண்டனம் கிளம்பின பிறகு, 2020ல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக் கொண்டது. வழக்கு பேசத் தெரிந்தவர்கள், பெயரை மாற்றினார்கள். அது போகட்டும். நம்மூர் மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே வாங்கி முகத்தில் தடவுகிறார்களே, ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அது முதல் பதினைந்து நாள் முகத்தைப் பளபளப்பாக்கும். பிறகு தோல் மெலியும், பரு கிளம்பும், பெண்கள் முகத்தில் மயிர் முளைக்கும், நிறுத்தினால் எரியும். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018ல் சர்க்கார் கட்டுப்பாடு போட்டது இதற்காகத்தான். பாதரசம் கலந்த களிம்புகளோ மூத்திரக் காயையே கெடுக்கும். சாஸ்திரக்காரன் நம்மைப் பார்த்து "நீ கிழவன், ஒதுங்கு" என்கிறான். களிம்புக்காரன் "நீ கிழவன், மறைத்துக் கொள்" என்கிறான். இருவரும் சொல்வதில் முதல் பாதி ஒன்றுதானே!

நன்றாக உடுத்துவது ஆடம்பரமல்லவா, நமது இயக்கம் சிக்கனம் சொல்லுகிறதல்லவா என்று கேட்பீர்கள். சிக்கனம் வேறு, சீர்குலைவு வேறு. துவைக்கிற சோப்புக்கும், ஒரு ஊசி நூலுக்கும் ஆகிற செலவு, ஒரு பௌர்ணமிக்கு வாங்குகிற கற்பூரத்திற்கு மேல் போகாது. தவிரவும், உடை என்பது நம் நாட்டில் எந்தக் காலத்திலாவது வெறும் உடையாக இருந்திருக்கிறதா? திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக் கொள்ளக் கூடாதென்று இருந்தது. அதற்காக எத்தனையோ வருஷம் அடியும் தீயும் பட்டுச் சண்டையிட்ட பிறகு, 1859 ஜூலையில் மகாராஜா மூடிக் கொள்ளலாமென்று விளம்பரம் போட்டார். அதிலும் உயர்ந்த சாதிப் பெண்களைப் போல் போட்டுக் கொள்ளக் கூடாதென்று ஒரு வால்! செட்டிநாட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாதசுர வித்துவான் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்ததற்காக எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதே, வாசி என்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி எதிரே நின்றார். ஒரு முழத் துண்டு! அது இடுப்பில் இருந்தால் ஒரு மனிதன், தோளில் இருந்தால் வேறு மனிதன் என்பதை நம்மைவிட நம்மை அடக்கினவன் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான்.

1927ம் வருஷம் டிசம்பரில் பம்பாய் மாகாணத்து மகாத் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கர் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார் என்பது உங்களுக்குத் தெரியும். அதே மாநாட்டில் அவர் பெண்களைப் பார்த்துப் பேசினது அவ்வளவாக வெளியே தெரியாது. சேலையை முழங்கால் தெரிய ஏற்றிக் கட்டுவதும், கழுத்திலும் கையிலும் கனத்த தகர நகைகளைச் சுமப்பதும் உங்களை இன்னார் என்று தூரத்திலேயே காட்டிக் கொடுப்பதற்காக ஏற்பட்டவை. அவைகளை விடுங்கள், மற்றப் பெண்கள் எப்படிக் கட்டுகிறார்களோ அப்படிக் கட்டுங்கள், சுத்தமாயிருங்கள் என்று சொன்னார். அங்கே வந்திருந்த பெண்கள் மாநாடு முடிவதற்குள்ளேயே சேலைக் கட்டை மாற்றிக் கொண்டார்கள். அவர்களெல்லாம் குமரிகளென்று எண்ண வேண்டாம். பிள்ளை பெற்று, வயலில் காய்ந்த தாய்மார்கள் அனேகர். சேலையை ஒரு சாண் இறக்கிக் கட்டினதால் வயிறு நிறைந்துவிடாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார்.

பிறப்பை வைத்துக் கோலம் போட்டவர்களே வயதை வைத்தும் போட்டார்கள். தாலியை வைத்தும் போட்டார்கள். இதை நான் புத்தகத்திலிருந்து தெரிந்து கொண்டதாகச் சொன்னால் பொய்யாகும். என் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

எனக்கு மூத்த தமக்கை ஒருவர். ஏழு வருஷத்திற்கு முன் அவருடைய வீட்டுக்காரர் காலமானார். அப்போது அக்காளுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினாறாம் நாள் காரியத்திற்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டுமென்றார்கள். தம்பி நான்தான். மேடையில் பத்து வருஷமாக விதவைக் கொடுமையைப் பற்றிப் பேசிவிட்டு வந்த நான், கடைத் தெருவுக்குப் போய்க் கோடிச் சேலை வாங்கிக் கொண்டு போனேன். உறவு கெட்டுப் போகுமே, அக்காள் மாமியார் மனம் புண்படுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். இரவில் அக்காளை உட்கார வைத்து, மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்து, இரண்டு கையிலும் முழங்கை மட்டும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். அவருடைய கல்யாணத்திற்குக்கூட அவ்வளவு பூ வைத்ததில்லை. விடிவதற்கு முன் எழுப்பி, எல்லாவற்றையும் உடைத்து அறுத்து எடுத்துவிட்டார்கள். நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போகவில்லை. இதை ஒரு கூட்டத்தில் சொல்வது இதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அக்காள் வீட்டின் பின்கட்டோடு நின்றுவிட்டார். நல்ல தையல் தெரிந்தவர். கல்யாணமாவதற்கு முன்பே மிஷின் மிதித்தவர். மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார். கேட்டால் "ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அழுது அழுது கண் போய்விட்டது தம்பி" என்றார். சுற்றத்தாரும் ஆமாம், புருஷன் போனபின் கண் எதற்கு என்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள். நானும் ஒரு வருஷம் அதை நம்பினேன்! பிறகு எனக்கே பத்திரிகை எழுத்து மங்கலாகி, கையை நீட்டி நீட்டிப் படிக்க ஆரம்பித்தபொழுதுதான் புத்தி வந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அக்காளையும் வற்புறுத்திக் கூட்டிக் கொண்டு போனேன். இருவருக்கும் ஒரே வியாதி, வெள்ளெழுத்து! நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள்ளிருக்கிற ஆடி இறுகிப் போவதால், கிட்டத்தில் இருக்கிறது தெரியாது. அழுதவனுக்கும் வரும், சிரித்தவனுக்கும் வரும். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அக்காள் ஊசியை எடுத்து முதல் தடவையிலேயே நூலைக் கோத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வருஷம் வீணாகப் போச்சேடா" என்று அப்பொழுதுதான் அழுதார்.

தோழர்களே! இது என் வீட்டு அதிசயமல்ல. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளிகளை எடுத்துக் கொண்டு, ஒரு பாதிப் பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தும், மறு பாதிப் பேருக்குப் பின்னால் கொடுப்பதென்று வைத்தும் சோதித்தார்கள். 2018ல் அதன் முடிவு வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவிகிதம் அதிகமாக ஏறியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு கண்ணாடி! நம்மூரிலோ, பொம்பிளை கண்ணாடி போட்டால் டீச்சரம்மா என்று கேலி. ஆண்பிள்ளை போட்டால் கிழம் என்று கேலி. அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனை தையற்காரர்கள், நெசவாளிகள், பட்டு வேலைக்காரர்கள் நாற்பத்தைந்திலேயே தொழிலை விட்டார்கள் என்று யார் கணக்கெடுத்தது?

கண் தெரிந்ததும் அக்காள் தமக்கென்று ஒரு ரவிக்கை தைத்தார். பச்சை. கோடிச் சேலையோடு அதைப் போட்டுக் கொண்டு கடைக்குப் போனார். தெருவில் பேசினார்கள், பேசாமல் இருப்பார்களா? ஒரு பெரியம்மாள் வீடு தேடி வந்து "உனக்கு இது அடுக்குமா?" என்றே கேட்டுவிட்டார். அக்காள் அவருக்கு மரியாதையாக மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் மஞ்சள் போட்டுக் கொண்டார். (கைதட்டல்). இப்போது இரண்டு பெண்களை வைத்துக் கொண்டு சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறார். பாங்குக்குத் தாமே போகிறார். முன்பு என்னைப் பின்னால் நிறுத்திக் கொண்டு பேசுகிறவர், இப்போது என்னைப் பேச விடுவதில்லை. பூ மட்டும் வைத்துக் கொள்வதில்லை. ஏனக்கா, அதில் என்ன பயம் என்று ஒருநாள் கேட்டேன். "பயமில்லை தம்பி. அந்த ராத்திரி வைத்தார்களே, அதிலிருந்து மல்லிகை வாசனை வந்தாலே குமட்டுகிறது" என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை. கோடி வாங்கிக் கொண்டு போனவனுக்குப் பகுத்தறிவு உபதேசம் செய்ய என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். சபரிமலைக்குப் பத்து வயது முதல் ஐம்பது வயது வரையுள்ள பெண்கள் போகக் கூடாதென்று ஒரு கணக்கு. 2018ல் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தீர்ப்புச் சொல்லி, பிறகு பெரிய பெஞ்சுக்குப் போன அதே கணக்கு. அதன்படி ஐம்பதைத் தாண்டின பெண் சாமியிடம் போகத் தகுதி பெற்றுவிடுகிறாள். கல்யாண வீட்டில் முன் வரிசையில் உட்காரத்தான் தகுதி போய்விடுகிறது!

மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் ஜில்லாவில் ஹேர்வாட் என்றொரு கிராமம். 2022 மே மாதத்தில் அந்தக் கிராம சபை கூடி, புருஷன் இறந்தால் வளையல் உடைப்பது, தாலி அறுப்பது, மெட்டி கழற்றுவது, பொட்டு அழிப்பது எல்லாவற்றையும் எங்கள் ஊரில் நிறுத்துகிறோம் என்று தீர்மானம் போட்டது. அந்த மாதமே அந்த மாகாண சர்க்கார் மற்றப் பஞ்சாயத்துகளும் இப்படிச் செய்யலாமென்று சுற்றறிக்கை விட்டது. திருவண்ணாமலை ஜில்லாவிலும் கிராம சபைகள் கூடுகின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலான நாட்களில் கூடுகின்றன. தண்ணீர்த் தொட்டிக்கும் தெரு விளக்குக்கும் தீர்மானம் போடுகிறோம். இதற்கும் ஒரு தீர்மானம் போட எந்தச் சட்டம் தடுக்கிறது? கையெழுத்துப் போட இந்தக் கூட்டத்திலுள்ள ஆண்பிள்ளைகள் தயாரா என்பதை அவரவர்கள் வீட்டில் போய் யோசியுங்கள். நான் தயாராக ஏழு வருஷம் பிடித்தது.

நடுத்தர வயதுக்கு மேல் தைரியம் வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நினைத்துக் கொள்ளுங்கள். 1883ல் பிறந்தவர். பொட்டுக் கட்டுகிற கொடுமைக்குள்ளிருந்து வெளியே வந்து, அதை ஒழிக்கவே பாடுபட்டவர். தம் ஐம்பத்து மூன்றாவது வயதில், 1936ல், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1938 ஆகஸ்டு 1ந் தேதி திருச்சியிலிருந்து சென்னைக்கு இந்தி எதிர்ப்புப் படை கால்நடையாகக் கிளம்பியபொழுது, ஐம்பத்தைந்து வயதில் அதில் நடந்தார். செப்டம்பர் 11ந் தேதி சென்னை போய்ச் சேர்ந்தார்கள். அவ்வருஷமே மறியல் செய்து சிறைக்கும் போனார். வயதுக்குத் தகுந்த கோலம் என்று அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், இன்று அவர் பெயரை நாம் எதற்குச் சொல்லப் போகிறோம்?

நடை என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊருக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் வந்து மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்துவிட்டுப் போகிறார்கள். நடந்த மறுநாள் உடம்பு லேசாக இருக்கிறது, மனது தெளிவாக இருக்கிறது, எல்லாம் மலையின் சக்தி என்கிறார்கள். நடந்தது கால், பெயர் மலைக்கு! வாரத்திற்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்க வேண்டும், இரண்டு நாளாவது சதைக்குப் பலம் தருகிற வேலை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அதாவது, நாளைக்கு அரைமணி நேரம் வீதம் ஐந்து நாள். மாதம் ஒரு ராத்திரி நடந்துவிட்டு இருபத்தொன்பது நாள் உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனம் கொஞ்சந்தான். முப்பதுக்கு மேல் உடம்பில் சதை வருஷா வருஷம் குறையத் தொடங்குகிறது. கூன் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். வாளித் தண்ணீரைத் தூக்குவதும், நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவதும் செலவில்லாத வைத்தியம். நிமிர்ந்து நிற்கிறவனுக்கு, அவன் போட்டிருப்பது பழைய சட்டையானாலும், அது அவன் சட்டையாகத் தெரியும். கூனினவனுக்குப் புதுச் சட்டையும் இரவல் சட்டைதான்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். மலை சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு சுற்றுகிறார்கள். இந்நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. அந்த வியாதி நாட்பட்டால் காலில் உணர்ச்சி போய்விடும். தார் ரோடு சுட்டாலும், கல் குத்தினாலும் தெரியாது. புண்ணாகி, புரையோடி, விரலையோ காலையோ எடுக்கிற வரைக்கும் போய்விடுகிறது. ஒரு காலத்தில் நம்மவர்களைச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொண்டு போகச் சொன்ன தெருக்கள் எத்தனையோ இருந்தன. பட்டுப்பட்டு வாங்கின அந்தச் செருப்பை இப்போது நாமாகவே கழற்றி வைக்கிறோம். சர்க்கரை உள்ளவர்கள் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். எந்த சாமியும் உங்கள் காலுக்கு ஜவாப்தாரியல்ல.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக் கொள்கிறேன். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு நானும் இன்னும் நாலைந்து தோழர்களும் பஸ் நிலையத்திலிருந்து செங்கம் ரோட்டில் அரைமணி நேரம் போய்த் திரும்பப் போகிறோம். செருப்போடுதான். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், தாய்மார்கள் வரலாம். முகம் கழுவி, தலை வாரிக் கொண்டு வாருங்கள். என் தமக்கையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வேகத்திற்கு என்னால் நடக்க முடியுமா என்பதுதான் சந்தேகம்.